பேக்கப் இருக்கா என்று கேட்காதீர்கள்

ஊரிலிருந்து போன் வருகிற நேரத்தை வைத்தே சேதி நல்லதா கெட்டதா என்று சொல்லிவிடலாம். ஞாயிறு காலை வந்தால் நலம் விசாரிப்பு. ராத்திரி பதினொன்றுக்கு வந்தால் வயிற்றில் புளி கரையும். 2019 ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை அப்படித்தான் வந்தது. இங்கே நியூஜெர்சியில் ராத்திரி பதினொன்று என்றால் நகரியில் மறுநாள் காலை எட்டரை. தறி ஓட ஆரம்பிக்கிற நேரம்.

"தம்பி, மாமா கம்ப்யூட்டர்ல எல்லா ஃபைலுக்கும் பேர் மாறிப் போச்சுடா. எதைத் தொட்டாலும் திறக்க மாட்டேங்குது. இங்கிலீஷ்ல ஏதோ எழுதி பணம் கேக்குது" என்றார் அக்கா.

புதிதாக வருபவர்களுக்கு எங்கள் ஊரைப் பற்றி இரண்டு வரி. நகரி ஆந்திராவில் சித்தூர் பக்கம் இருக்கிறது. 1960-ல் எல்லையைத் திருத்தியபோது பக்கத்துத் திருத்தணி அன்றைய சென்னை மாநிலத்துக்குப் போனது, நாங்கள் இந்தப் பக்கமே நின்றுவிட்டோம். பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, வீட்டில் தமிழ், தெருவுக்குத் தெரு விசைத்தறிச் சத்தம். அக்கா வீட்டுக்காரரும் தறிக்காரர்தான். சொந்தத் தறி கொஞ்சம் உண்டு, மற்றபடி வெளியே பாவும் நூலும் கொடுத்துக் கூலிக்கு நெய்ய வைப்பார். அப்போது பதினான்கு குடும்பம் அவரிடம் வேலை செய்தது.

அடியேன் இங்கே ஒரு வங்கிக்குப் பொட்டி தட்டுகிறேன். என்ன ஆணி என்றால் பேக்கப் ஆணி. அந்த வங்கியின் தகவல் ஒரு துளி தொலைந்தாலும் என் தலைதான் உருளும். சம்பளம் வாங்கிக்கொண்டு உலகத்தார் கணக்கையெல்லாம் பத்திரப்படுத்துகிறவனின் சொந்த அக்கா வீட்டுக் கணக்கு ஒரே ராத்திரியில் போய்விட்டது. தங்கமணி அன்றைக்கு என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது :-)

சிரிப்பதற்காக எழுதவில்லை. ஆறேழு வருடமாக மனதில் கிடக்கிற ஒரு கருத்து இது. நம்மைப் போல வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கிறவர்கள்தான் இதைப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கம்ப்யூட்டரை 2012 விடுமுறையில் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். கணக்கு மென்பொருள், கூடவே ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க், இணையத்தில் இலவச இடம் தருகிற ஒரு சேவையில் ஒரு கணக்கு, அதற்காக ஒரு புது மின்னஞ்சல் முகவரி. "மாமா, இனிமே கவலையே இல்ல. மூணு இடத்துல இருக்கும்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு விமானம் ஏறினேன்.

அந்த மூன்று இடமும் என்ன ஆனது?

கம்ப்யூட்டரில் இருந்ததை வைரஸ் பூட்டிவிட்டது. ஏதோ ஒரு பில் என்று வந்த மின்னஞ்சலைக் கடைப் பையன் திறந்திருக்கிறான். ஹார்ட் டிஸ்க் ஏழு வருடமாக அந்தக் கம்ப்யூட்டரின் பின்னாலேயே சொருகிக் கிடந்தது. வைரஸுக்கு அது இன்னொரு அலமாரி, அவ்வளவுதான். அதையும் பூட்டிவிட்டது. இணையத்தில் இருந்தது மட்டும் மிஞ்சியது. ஆனால் அதில் இருந்தது முந்தின டிசம்பர் வரைக்கும்தான். இலவச இடம் டிசம்பரில் நிரம்பியிருக்கிறது. "இடம் நிரம்பிவிட்டது, இனி ஏறாது" என்று அந்தச் சேவை வாரா வாரம் கடிதம் போட்டிருக்கிறது. கடிதம் போன முகவரி நான் ஆரம்பித்துக் கொடுத்தேனே, அது. 2012-க்குப் பிறகு அதை ஒருத்தரும் திறந்ததே இல்லை.

எட்டு மாதக் கணக்கு காலி.

கேட்ட பணத்தைக் கட்டிவிடலாமா என்று மாமா கேட்டார். வேண்டாம் என்றேன். 2017 மே 12-ம் தேதி வானாக்ரை என்ற வைரஸ் கிளம்பி 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பூட்டியது நினைவிருக்கும். எங்கள் சித்தூர் மாவட்டத்துக் காவல்துறை கம்ப்யூட்டர்களும் சில அதில் மாட்டின. திருமலை தேவஸ்தான அலுவலகத்துக் கம்ப்யூட்டர்களும் சில மாட்டின. ஏழுமலையான் ஆபீஸையே விட்டுவைக்காத வைரஸ் என்று ஊரில் அப்போது பேச்சு. பொட்டிக்கு 300 டாலர் பிட்காயினில் கேட்டது அது. பணம் கட்டியவர்களுக்கும் ஃபைல் திரும்பக் கிடைக்கும் என்ற உத்தரவாதம் இருக்கவில்லை. இத்தனைக்கும் அது புகுந்த ஓட்டையை அடைக்கிற திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்துவிட்டது. போட்டுக்கொள்ளாதவர்கள்தான் மாட்டினார்கள். இரண்டு வருடம் முன்னால் நம்ம திருப்பதியிலேயே நடந்த விஷயம். நான் அக்காவிடம் அதைப் பற்றிப் பேசவும் செய்தேன். பேசினேனே தவிர, "அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வையுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சரி, மீட்டது என்ன என்று பார்ப்போம். விற்பனை பில்லெல்லாம் ஜிஎஸ்டி தளத்தில் ஏறியிருந்தது, ஆடிட்டரிடமும் கொஞ்சம் இருந்தது. நூல் வாங்கின கடைக்காரர்கள் அவர்கள் பில்லை மறுபடி கொடுத்தார்கள். ஜிஎஸ்டி சட்டப்படி ஆண்டு ரிட்டர்ன் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்கை வைத்திருக்க வேண்டும். ஆகவே அடித்துப் பிடித்து அதைச் சரி செய்தார்கள். வேறு ஒருவரிடமும் இல்லாத கணக்கு ஒன்றே ஒன்று. தறிக்காரர்களுக்குக் கொடுத்த கூலி, முன்பணம், அதில் பிடித்தம் செய்தது.

இங்கேதான் நான் ஒரு விஷயம் கற்றுக்கொண்டேன்.

மாமாவின் அப்பா காலத்தில் சனிக்கிழமை கூலி போடும்போது பேரேட்டில் ஒரு வரி எழுதுவார். அதே வரியைத் தறிக்காரர் கொண்டுவருகிற நோட்டிலும் எழுதிக் கையெழுத்துப் போடுவார். முதலாளி வீட்டில் ஒன்று, நெய்கிறவர் வீட்டில் ஒன்று. இரண்டும் வேறு வேறு தெரு, வேறு வேறு கை. ஒரு வீடு தீப்பிடித்தாலும் இன்னொன்று இருக்கும். ஒருவர் திருத்தினாலும் இன்னொன்று காட்டிக் கொடுக்கும். டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. பீட்டர் க்ரோ என்ற புகைப்படக்காரர் தன் புத்தகத்தில் ஒரு விதியை எழுதினார். எதற்கும் மூன்று நகல் வேண்டும், இரண்டு விதமான சாதனத்தில் வேண்டும், ஒன்றாவது வேறு இடத்தில் இருக்க வேண்டும் என்பது அது. என் தொழிலில் இன்றைக்கும் அதுதான் பால பாடம். அதில் பாதிக்கு மேல் எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போகாதவர்களே பேரேட்டிலும் நோட்டிலும் செய்துகொண்டிருந்தார்கள்.

அதை நிறுத்தியது யார்? நான்தான். "இன்னும் எதுக்கு மாமா நோட்டு? எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கும்" என்று 2012-ல் சொன்னவன் நான். மாமா பேரேட்டை மூட்டை கட்டி வைத்துவிட்டார்.

நல்லவேளை, பதினான்கு பேரில் ஒன்பது பேர் என் பேச்சைக் கேட்கவில்லை. பழக்க தோஷத்தில் அவர்கள் பாட்டுக்கு நோட்டு எழுதிக்கொண்டே இருந்தார்கள். அந்த ஒன்பது நோட்டை வைத்து ஒன்பது கணக்கும் நேரானது. ஒரு ரூபாய் தகராறு இல்லை. மீதி ஐந்து பேரில் நாலு பேர் சொன்னதும் மாமா நினைவில் இருந்ததும் ஒத்துப் போனது. ஒருவரோடு மட்டும் ஒத்துப் போகவில்லை.

அவர் பெரியவர். மாமாவின் அப்பா காலத்திலிருந்து நெய்கிறவர். மகள் கல்யாணத்துக்கு வாங்கின முன்பணம் பதினெட்டாயிரத்தைக் கூலியில் பிடித்து முடித்தாகிவிட்டது என்றார். பாதிதான் முடிந்தது என்று மாமாவுக்கு நினைவு. மாமா ஒன்றும் கத்தவில்லை. "இருக்கட்டும் பெரியவரே, பாக்கியை மெதுவாப் பாத்துக்கலாம்" என்றுதான் சொன்னார். அந்தப் 'பாக்கி' என்ற வார்த்தை போதாதா? மறு வாரம் பாவை முடித்துக் கொடுத்துவிட்டு அவர் ஏகாம்பரகுப்பத்தில் வேறு ஒருவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

2020 ஜனவரியில் வேறு எதையோ தேடி என் மின்னஞ்சலைத் துழாவிக்கொண்டிருந்தேன். மாமா 2019 ஜூலையில் அனுப்பிய ஒரு கடிதம் திறக்காமலே கிடந்தது. "பிரின்ட் எடுத்தா ஓரம் வெட்டுது, என்னன்னு பாரு மாப்ள" என்று எழுதி, தறிக்காரர் கணக்கு முழுவதையும் பிடிஎஃப் ஆக இணைத்திருந்தார். பெரியவர் பெயருக்கு நேராக முன்பண பாக்கி: பூஜ்யம்.

வேறு கண்டத்தில், வேறு பொட்டியில், வைரஸ் தொட முடியாத ஒரு நகல் ஐந்து மாதமாக என் கையிலேயே இருந்திருக்கிறது. இருப்பது எனக்கே தெரியாது.

மாமா பழம் வாங்கிக்கொண்டு நேரில் போய் மன்னிப்புக் கேட்டார். பெரியவர் உட்கார வைத்து டீ கொடுத்தார். "விடுங்க, மெஷின் பண்ண தப்புக்கு நீங்க என்ன பண்ணுவீங்க" என்றாராம். ஆனால் திரும்பி வேலைக்கு வரவில்லை.

மெஷின் தப்புப் பண்ணவில்லை என்று எனக்குத் தெரியும்.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். "பேக்கப் இருக்கா?" என்பது தப்பான கேள்வி. அதற்கு எல்லோரும் "இருக்கு" என்றுதான் பதில் சொல்வார்கள். மாமாவும் சொன்னார். கேட்க வேண்டிய கேள்வி, "எங்கே, ஒண்ணை மீட்டுக் காட்டுங்க பார்ப்போம்."

ஊர்க்கடைக்காரருக்குத்தான் இந்தக் கதி என்று நினைக்காதீர்கள். கிட்லேப் என்ற நிறுவனம் உலகம் முழுக்க நிரல் எழுதுகிறவர்களின் வேலையைச் சேமித்து வைப்பது. 2017 ஜனவரி 31 அன்று ராத்திரி அங்கே ஒரு பொறியாளர் தவறான சர்வரில் கட்டளை கொடுத்து ஏறக்குறைய 300 ஜிபி தகவலை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால் வழக்கமாக எடுக்கிற நகல் எடுக்கப்படவே இல்லை. பதிப்பு ஒத்துப்போகாமல் அது பல நாளாகத் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சலும் யாரையும் வந்து சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்னால் ஒருவர் எடுத்து வைத்திருந்த நகல்தான் காப்பாற்றியது. ஒளிக்காமல் நடந்ததையெல்லாம் அவர்களே எழுதி வெளியிட்டார்கள். படித்தபோது எனக்கு மாமா கடையும் அந்தத் திறக்காத மின்னஞ்சல் முகவரியும்தான் நினைவுக்கு வந்தன.

இன்னும் பெரிதாக வேண்டுமா? 2025 செப்டம்பர் 26-ல் தென்கொரியாவின் தேஜான் நகரில் அரசாங்கத் தகவல் மையத்தில் பேட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் தங்கள் வேலைக் கோப்புகளைப் போட்டு வைத்த ஜி-டிரைவ் என்ற சேமிப்பு அதில் போனது. 858 டெராபைட். வெளியே நகல் இல்லை. ஏன் இல்லை என்றால், அளவு மிகப் பெரிது என்பதால் வெளியே நகல் எடுக்கிற ஏற்பாடே செய்யவில்லையாம்! உலகத்துக்கே சிப்பும் பேட்டரியும் செய்து விற்கிற தேசம். எங்கள் மாமாவை எப்படிக் குறை சொல்வேன்?

"அப்போ பேப்பரே நல்லது, பழைய மாதிரி எழுதிட்டுப் போவோம்" என்று சிலர் சொல்லலாம். பேப்பரும் ஒன்றே ஒன்றாக இருந்தால் அதே கதிதான். எங்கள் பழைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளியில் 2024 ஜூலை 21 இரவு சப் கலெக்டர் அலுவலகம் தீப்பிடித்து நிலம் சம்பந்தமான கோப்புகள் எரிந்தன. விசாரணைக்கு ஹெலிகாப்டரில் அதிகாரிகள் வந்து இறங்கினார்கள். காகிதமா கம்ப்யூட்டரா என்பது விஷயமே இல்லை. இரண்டாவது நகல் எங்கே, அது யாருக்குத் தெரியும் என்பதுதான் விஷயம்.

அந்த 'யாருக்குத் தெரியும்' ரொம்ப முக்கியம். அன்னமாச்சாரியார் திருமலையில் பெருமாள் மேல் பாடியவை 32,000 கீர்த்தனை என்று மரபு சொல்கிறது. அவர் குடும்பத்தார் அவற்றைச் செப்பேட்டில் வெட்டிக் கோயிலுக்குள்ளேயே ஒரு கல்லறையில், அதாவது கல்லால் கட்டின சிறு அறையில், வைத்தார்கள். செல்லரிக்காது, தீயில் சாம்பலாகாது. அதைவிட நல்ல சாதனம் அன்றைக்கு ஏது? ஆனால் காலப்போக்கில் அங்கே அப்படி ஒன்று இருக்கிறது என்பதே மறந்து போய், 1922-ல்தான் அவை வெளியுலகின் கவனத்துக்கு வந்தன. இன்றைக்குக் கிடைப்பவை ஏறக்குறைய 12,000. பாட்டு வரி கிடைத்தது, அவர் பாடிய மெட்டு கிடைக்கவில்லை. இன்று நாம் கேட்பதெல்லாம் பிற்காலத்தில் மெட்டமைத்தவை. செம்பில் வெட்டினாலும் யாராவது எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆகவே மக்களே, நாம் ஊருக்குப் போகும்போது லேப்டாப் வாங்கிக் கொடுக்கிறோம், ஹார்ட் டிஸ்க் வாங்கிக் கொடுக்கிறோம், ஏதோ ஒரு கணக்கை ஆரம்பித்துக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். அதோடு கடமை முடிந்தது என்று நினைப்பு. முடியவில்லை. பழைய நோட்டை நிறுத்தச் சொன்னவன் புதிய நோட்டைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். இது என் தீர்மானமான கருத்து. அவர்களுக்குத் தெரியவில்லை என்று சலித்துக்கொள்ள நமக்கு உரிமை இல்லை.

எங்கள் வீட்டில் இப்போது நடப்பதைச் சொல்கிறேன். எதுவும் பிரமாதம் இல்லை.

ஒன்று: இரண்டு ஹார்ட் டிஸ்க். சனிக்கிழமை கூலி போட்டதும் ஒன்றைச் சொருகி நகல் எடுத்து, கழற்றி, அக்கா வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார். அடுத்த சனிக்கிழமை மற்றது. எந்த நேரத்திலும் ஒன்றாவது கடைக்கு வெளியே, கம்பி இல்லாமல் இருக்கும்.

இரண்டு: இணையத்தில் காசு கொடுத்து இடம். பழைய பதிப்புகளை வைத்திருக்கிற சேவையாகப் பார்த்து வாங்கினேன். 'சிங்க்' ஆவது வேறு, பேக்கப் வேறு. இங்கே அழித்தால் அங்கேயும் அழிகிற ஒன்று நிழல் மாதிரி. ஆள் விழுந்தால் நிழலும் விழும்.

மூன்று: எச்சரிக்கைக் கடிதமெல்லாம் இப்போது நான் தினமும் பார்க்கிற முகவரிக்கு வருகிறது. கடவுச்சொல் காகிதத்தில் எழுதி அக்காவின் பீரோவில் இருக்கிறது. திருடன் வந்தால் நகையைத்தான் எடுப்பான், கடவுச்சொல்லை எடுக்க மாட்டான் :-)

நான்கு: மூன்று மாதத்துக்கு ஒரு முறை வீடியோவில் கூப்பிடுவேன். "மாமா, போன ஆடி மாசம் மூணாவது சனிக்கிழமை கூலிப் பட்டியலை அக்கா லேப்டாப்ல திறந்து காட்டுங்க." கடைக் கம்ப்யூட்டரில் அல்ல, வேறு ஒன்றில். திறந்தால்தான் போனை வைப்பேன். இதுவரை இரண்டு முறை திறக்கவில்லை. இரண்டு முறையும் வைரஸ் வருவதற்கு முன்னால் எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

ஐந்து: நோட்டு திரும்ப வந்துவிட்டது. ஒவ்வொரு தறிக்காரரிடமும் ஒன்று. கம்ப்யூட்டரில் ஏற்றியபின் அதே வரி நோட்டிலும், கையெழுத்தோடு. ஆடிட்டர் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

கடைக்கு மட்டுமல்ல, வீட்டுக்கும் இதே கதைதான். அப்பா அம்மா போட்டோ, குழந்தைகளின் பிறப்புச் சான்று, நிலப் பத்திர ஸ்கேன் எல்லாம் யாரோ ஒருவரின் ஒரே கூகுள் கணக்கில் கிடக்கும். இரண்டு வருடம் தொடாமல் விட்ட கணக்கை அழிக்கலாம் என்று கூகுள் 2023-ல் விதி கொண்டுவந்து, அந்த டிசம்பரிலிருந்து அமல்படுத்தியது. ஊரில் அப்பா போனபின் அவர் கணக்கை யார் திறக்கப் போகிறீர்கள்? இன்றைக்கே ஒரு நகல் இறக்கி வையுங்கள்.

இந்த வார இறுதியில் ஊருக்குப் பேசும்போது சாப்பாடு, மழை, கல்யாணம் எல்லாம் பேசி முடித்தபின் ஐந்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். "பேக்கப் இருக்கா" என்று கேட்காதீர்கள். ஒரு ஃபைல் பெயரைச் சொல்லி மீட்டுக் காட்டச் சொல்லுங்கள். வராவிட்டால் அவர்களைத் திட்டாதீர்கள், அடுத்த டிக்கெட் போடும்போது இரண்டு நாள் சேர்த்துப் போடுங்கள்.

பி.கு: போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பெரியவரைப் பார்க்கப் போனேன். பேசிக்கொண்டிருந்தார், நல்லவிதமாகவே. கிளம்பும்போது அலமாரியில் ஒரு கூலி நோட்டு இருப்பதைப் பார்த்தேன். புது முதலாளியிடம் போன முதல் வாரமே கேட்டு வாங்கிக்கொண்டாராம்.